மதுரை நாட்டுக் குடும்பங்களும் ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகளும்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஆயினும் தன் குலத்தின் மூலத்தை அறிய விரும்பாத மனிதன் அரியன். நம் கலாசாலை மாணவர் எவரையேனும் நோக்கி, "உம் பாட்டனார் பெயர் யாது?" என்று வினவினால் உடனே விடை வரும். "பாட்டனாருக்குப் பாட்டனார் யார்?" என்றால் விடை வருவது அருமை. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று நம் மொழியில் சொற்கள் நிலைத்திருக்கின்றன. அச்சொற்களுக்கு உரியவர்களின் பெயர்கள் மூன்றாம் தலைமுறையோடு மறைந்துபோகின்றன. மறைந்த அப்பெயர்களுள் சிலவற்றையேனும் மீட்டெடுப்பதற்குச் சாதனமாக இருப்பவை ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட பதிவேடுகள். அவை எவை, எங்கே உள்ளன, எவ்வாறு படிக்கத்தக்கவை என்பவற்றை மதுரை நகரத்தையும் அதைச் சூழ்ந்த நாட்டையும் பற்றியமட்டில் இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். கும்பினியாரும் அவர்க்குப்பின் ஆண்ட துரைத்தனத்தாரும் நம் வமிசாவளியைக் காக்கும் நோக்கத்தோடு எதனையும் எழுதவில்லை. வரி வாங்கவும், வழக்குத் தீர்க்கவும், கூலியாட்களைக் கப்பலேற்றவும், தாங்கள் அஞ்சிய கூட்டத்தாரைக் காவலில் வைக்கவும் எழுதினார்கள். ஆகவே தேடப் புகுவோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, "என் முன்னோர் எந்த வாசல் வழியாகச் சர்க்காரின் கண்ணுக்குப் பட்டார்?" என்பதே. நிலம் வைத்திருந்தவர் வரிக்கணக்கில் இருப்பார். வழக்காடியவர் நீதிமன்றத்தில் இருப்பார். கிறிஸ்து சமயத்தைத் தழுவியவர் திருச்சபையின் ஏட்டில் இருப்பார். கடல் கடந்தவர் கப்பற் பட்டியலில் இருப்பார். வாசலைத் தெரிந்துகொள்ளாமல் ஏடுகளைப் புரட்டுவது, வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகவே முடியும்.

வீட்டிலிருந்து தொடங்குதல்

எந்த ஆராய்ச்சியும் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கவேண்டும். குடும்பத்தின் முதியோரிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் அவசியம்: குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? பங்காளிகள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள்? பாட்டி எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்? ஒரு குடும்பம் மதுரையில் நான்கு தலைமுறையாக வசித்தாலும், அதன் குலதெய்வம் உசிலம்பட்டிப் பக்கத்திலோ மானாமதுரைப் பக்கத்திலோ இருக்கக்கூடும். முன்னோர் புறப்பட்ட ஊரைக் காட்டும் கைகாட்டி மரம் அக்கோயிலே. ஊரின் பெயர் தெரியாதவருக்குச் சர்க்கார் ஏடுகள் பெரும்பாலும் பயன்படா. ஏனெனில் அவ்வேடுகள் ஊர்வாரியாகவே அடுக்கப்பட்டுள்ளன.

நம்மவர் பெயரிடும் வழக்கமும் தேடுவோர்க்குத் துணை செய்யும். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் ஆதலாற்றான் பேரன் 'பெயரன்' எனப்பட்டான். பாட்டன் முத்தையா, மகன் கருப்பன், பேரன் முத்தையா, கொள்ளுப்பேரன் கருப்பன் என்று ஒரே இரண்டு பெயர்கள் மாறிமாறி வருவதுண்டு. இதனால் தெரியாத தலைமுறையின் பெயரை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இதிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது. நாற்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பத்திரங்களில் ஒரே பெயர் காணப்பட்டால், அது ஒருவரையே குறிக்கும் என்று கொள்ளலாகாது. பாட்டனாகவும் பேரனாகவும் இருக்கலாம். தந்தையின் பெயரையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

ஜில்லாவின் எல்லை

ஊர் தெரிந்தபின் அவ்வூர் எந்தக் காலத்தில் எந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதை அறியவேண்டும். திண்டுக்கல் சீமை 1790-இல் கும்பினியார் வசமாகி, அங்கே கலெக்டர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1801-இல் கர்நாடக நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் மதுரை உள்ளிட்ட நாடு முழுவதும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803-இல் நிலையான பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன்களாயின. ஆயினும் மதுரைக் கலெக்டரின் எல்லைக்குள்ளேயே இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா தனியாக அமைந்தது 1910-இல். பின்னர் 1985-இல் திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் ஆகியவை தனி மாவட்டங்களாயின; தேனி 1996-இல் பிரிக்கப்பட்டது. ஆகவே இன்று பெரியகுளத்திலோ பரமக்குடியிலோ இருக்கும் குடும்பத்தார், தம் பூட்டனைப் பற்றிய 1880-ஆம் வருஷத்துக் காகிதத்தை மதுரை ஜில்லாவின் பெயரிலேயே தேடவேண்டியவராகிறார்.

கலெக்டர் கச்சேரியின் பழைய கடிதப் போக்குவரத்துகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1909-இல் 'மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ்' என்ற பெயரோடு நிறுவப்பட்ட நிலையம் அது. 1790 முதல் 1835 வரையுள்ள மதுரை ஜில்லாக் காகிதங்களுக்கு அச்சிட்ட வழிகாட்டி நூலும் உண்டு. பாளையக்காரர், குத்தகைதாரர், கோயில் நிர்வாகிகள், வணிகர் முதலியோர் பெயர்கள் அவற்றில் வரும். ஏர் பிடித்த குடியானவனின் பெயர் அக்கடிதங்களில் அருமையாகவே வரும். அவனைத் தேட நிலக்கணக்கே வழி.

நிலத்தின் வழியாக

திருமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஐந்து ஏக்கர் புன்செய் உடைய குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அக்குடும்பத்தார் கையிலுள்ள பட்டாவில் நிலத்தின் சர்வே நம்பர் இருக்கும். அந்நம்பரைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கினால், அந்நிலத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களின் எண்களும் வருஷங்களும் கிடைக்கும். பிற்காலத்துச் சான்றைக் கணினி வழியாகவும் பெறலாம்; முற்காலத்துப் பத்திரங்களுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பழைய அட்டவணைகளைத் தேடச் செய்யவேண்டும். பத்திரப் பதிவுச் சட்டம் முதன்முதல் இயற்றப்பட்டது 1864-இல். பதிவுக்கு வந்த ஒவ்வொரு கிரயப் பத்திரமும் அங்குள்ள புத்தகத்தில் முழுமையாகப் பெயர்த்தெழுதப்பட்டது. ஆகையால் வீட்டிலிருந்த மூலத்தைச் செல்லரித்தாலும் நகல் அங்கே இருக்கக்கூடும்.

அப்பத்திரத்தை மேலோட்டமாகப் படித்தல் போதாது. எழுதிக்கொடுத்தவர் இன்னாருடைய குமாரர் என்பது முதல் வரியிலேயே வரும். நிலம் 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் அது முன்னோர் வழி வந்தது. 'சுயார்ஜிதம்' என்றிருந்தால் அவரே சம்பாதித்தது. செக்குபந்தி என்னும் நான்கெல்லைப் பகுதியில் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் காணப்படும்; அவர்களுட் சிலர் பாகம் பிரிந்த பங்காளிகளாக இருப்பதுண்டு. சாட்சிக் கையெழுத்துகளில் மாமனோ மைத்துனனோ இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைக்குமானால் அதுவே ஒரு வமிச விருட்சமாகும். உயிரோடிருந்த பங்குதாரர் அனைவரும், இறந்தவர்களின் வாரிசுகளும் அதிற் குறிக்கப்பட்டிருப்பர்.

பதிவுப் புத்தகத்துக்கு மேலே செட்டில்மெண்டுப் பதிவேடு இருக்கிறது. மதுரை ஜில்லாவின் ரயத்துவாரிக் கிராமங்களில் 1880-ஐ அடுத்த ஆண்டுகளில் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்து, பட்டாதாரர் பெயரோடு எழுதியது அது. கோயில், மடம், சத்திரம், ஊர்ப் பணி முதலியவற்றின் பொருட்டு விடப்பட்ட இனாம் நிலங்களுக்கோ அதற்கும் முற்பட்ட சாதனம் உண்டு. 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வோர் இனாமையும் விசாரித்து, முதலில் தானம் பெற்றவர் யார், அப்போது அனுபவித்து வந்தவர் யார், அவருடைய வயது யாது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றைப் பதிவு செய்தது. பூசாரி, பண்டாரம், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான் முதலாகப் பல எளிய குடும்பத்தாரும் ஊழிய மானியம் பெற்றிருந்தமையால், அரச வமிசத்தாருக்கு நிகராக அவர்களுடைய தலைமுறைகளும் எழுத்தில் நின்றன. ஜமீன் கிராமத்தாருக்கு இவ்வசதி குறைவு. அங்கே கணக்கு ஜமீன் கச்சேரியிலே இருந்தது. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் நடந்த செட்டில்மெண்டே பல ஊர்களில் முதல் சர்க்கார் கணக்காக அமைந்தது.

நகரவாசிகள் வீட்டுமனைப் பத்திரத்தையே நம்பவேண்டும். கலெக்டர் பிளாக்பர்ன் துரை காலத்தில், 1840-ஐ ஒட்டி, மதுரைக் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்நிலத்தில் புதிய வீதிகள் எழுந்தன. அவ்வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரே மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிகளுக்கும் வழங்குகிறது. இத்தகைய வீதிகளில் ஒரு மனையின் வரலாறு அதற்கு முன் செல்லாது என்பதைத் தேடுவோர் அறிந்திருத்தல் நலம்.

வருஷக் கணக்கு

நிலக்கணக்குகளில் வரும் பசலி ஆண்டு மாணவரை மயக்கக்கூடும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய கிறிஸ்து வருஷம் வரும். ஆண்டு ஜூலை முதல் தேதியில் தொடங்கும். பசலி 1298 என்பது 1888 ஜூலை முதல் 1889 ஜூன் வரை. பழைய ஓலைகளிலும் முறிகளிலும் பிரபவ முதலிய அறுபது வருஷப் பெயர்களே எழுதப்பட்டிருக்கும். அப்பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவன. தாது வருஷம் 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது, 1996-லும் வந்தது. "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்று பாட்டி சொன்னால் 1876-க்கே அது பொருந்தும். பஞ்சம் என்னும் சொல் வருஷத்தைத் தெளிவாக்குகிறது. ஆகவே முதியோர் கூறும் நிகழ்ச்சிகளை அற்பமென்று தள்ளாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கும் தீர்ப்பும்

சொத்துரிமை பற்றிய வழக்குகளில் உறவுமுறை மிக விரிவாக விசாரிக்கப்படும். சிவகங்கை ஜமீன் வழக்கில் காத்தம நாச்சியார் பல்லாண்டு போராடி 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் வெற்றி பெற்றார். இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் விதவை சுவீகாரம் செய்துகொண்டது செல்லுமா என்ற வழக்கு 1868-இல் அதே சபையில் முடிந்தது. அத்தீர்ப்புகள் அச்சில் இன்றும் கிடைக்கின்றன. அக்குடும்பங்களின் கிளைகளை அவற்றிற் காணலாம். சிறிய கோர்ட்டுகளின் வழக்குக் கட்டுகளோ குறித்த காலத்திற்குப் பின் விதிப்படி அழிக்கப்பட்டன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தீர்ப்பு நகல் ஒன்றே சில குடும்பங்களுக்கு எஞ்சிய சாட்சி என்பதை உணர்ந்து அதனைப் போற்றவேண்டும்.

திருச்சபை ஏடுகள்

நம்போன்ற கலாசாலைகளில் படிப்போர்க்கு அணித்தாக உள்ளவை திருச்சபை ஏடுகள். அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. 1842-இல் திருமங்கலத்தில் ஆரம்பித்த செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் சபைகள் தனித்தனிப் புத்தகங்களில் எழுதிவந்தன. ஞானஸ்நானத்தின்போது பலர் புதுப் பெயர் பெற்றமையால், முன்னைப் பெயரும் தந்தை பெயரும் ஒருங்கே கிடைக்கும் இடம் அப்புத்தகமே. உபதேசியார், உபாத்தியாயர் முதலானோர் பற்றிய செய்தி மிஷனின் ஆண்டறிக்கைகளிலும் வரும். அம்மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் கடிதங்கள் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஹௌட்டன் நூல்நிலையத்தில் உள்ளன. ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தார் தத்தம் பங்குக் கோயிலின் ஏட்டையே முதலில் நாடவேண்டும்.

இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூல்நிலையத்தில், சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் இருக்கின்றன என்பதைக் கேட்டுச் சிலர் பெரிதும் ஆவல் கொள்வர். அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே காணப்படுவர். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கடல் கடந்த ஏட்டைவிடக் கிராமத்துச் சபையின் கிழிந்த ஏடே பெரிது.

குடிமதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1871 முதல் நம் மாகாணத்தில் ஒழுங்காகக் குடிமதிப்பு எடுக்கப்பட்டபோதிலும், வீடுதோறும் எழுதிய தாள்கள் தொகை கணக்கிட்டபின் காக்கப்படவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பத்தைக் குடிமதிப்புத் தாளில் தேடிப் பிடிப்பது எளிது. நம் நாட்டில் அவ்வழி அடைபட்டிருக்கிறது. ஆகையினாற்றான் நிலத்தையும் கோயிலையும் கப்பலையும் நாம் சார்ந்திருக்க நேர்கிறது.

கடல் கடந்தவர்

பஞ்சத்தாலும் கடனாலும் மதுரை நாட்டிலிருந்து புறப்பட்டவர் எண்ணிறந்தோர். நேட்டாலுக்கு 1860-இல் முதற் கப்பல் சென்றது. 1911-இல் அவ்வேற்றுமதி நின்றது. இடையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் கப்பற் பட்டியலில் எழுதினார்கள். மொரீசியஸ் தீவின் பழைய குடியேற்றப் பதிவுகள் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன; அங்கே 1860-ஐ அடுத்த ஆண்டுகள் முதல் எடுத்த நிழற்படங்களும் உண்டு. தம் பாட்டனின் முகத்தை அங்கே முதன்முதல் கண்டவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் அவ்வெண்ணையும் கிராமப் பெயரையும் கையில் எழுதிக்கொண்டு நம் நாட்டு ஊர்களைத் தேடி வருகிறவர்களை இன்றும் காணலாம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை இங்கேயுள்ள முதியோரின் நினைவிலும் நிலக்கணக்கிலும்தான் இருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் நிலை வேறு. அவர்கள் கங்காணியின் கீழ்க் கூட்டமாகச் சென்றனர். ஒப்பந்தப் பட்டியல் அவர்களுக்கு இல்லை. தோட்டத்துச் செக்ரோலும், கடன் தொகை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டும், மண்டபம் முகாமின் பதிவுகளுமே அவர்களைக் குறித்தவை. 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களின் கடவுச்சீட்டுகளை அவர்களுடைய மக்கள் பத்திரமாக வைத்திருப்பது நலம்.

கசப்பான ஏடுகள்

சில ஏடுகளைத் திறக்கும்போது நெஞ்சம் நடுங்கும். 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரையைச் சூழ்ந்த பிரமலைக் கள்ளர் ஊர்களில் 1914 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. குற்றம் ஒன்றும் செய்யாத ஆடவரும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டனர். ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மாயக்காள் என்னும் மாது உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர். 1947-இல் நம் மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இழிவுபடுத்த எழுதிய அவ்வேடுகளிலே, தந்தை பெயரோடும் ஊரோடும் தம் பாட்டனைக் காண்கிற பேரன் என்ன நினைக்கவேண்டும்? ஏட்டின் தலைப்பில் உள்ள குற்றம் எழுதினவருடையது; அதனுள்ளே உள்ள பெயர் நம்முடையது. சர்க்கார் எழுதிய அடைமொழியை ஏற்காமல், பெயரையும் உறவையும் ஊரையும் மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

படிப்போர்க்குச் சில எச்சரிக்கைகள்

ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் உருமாறிக் கிடக்கும். குமாஸ்தாவின் காதில் விழுந்தவாறே எழுதப்பட்டமையால், 'முத்து' என்பது பல விதமாக எழுதப்பட்டிருக்கும். 'சின்னச்சாமி', 'சின்னசாமி' என்ற வேறுபாட்டை அதிலே காணமுடியாது. ஆகவே எழுத்தைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துக் காதால் தேடவேண்டும். சாதிப் பெயரும் பட்டப் பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுண்டு; அதனை மட்டும் கொண்டு உறவு கற்பிக்கலாகாது. பாளையக்காரர் வமிசாவளிகள் பல மெக்கன்சி துரை திரட்டிய சுவடிகளில் இருக்கின்றன. அவை அவரவர் பெருமையை நாட்டும்பொருட்டுச் சொல்லப்பட்டவை ஆதலின், வேறு சாதனத்தோடு ஒத்துப் பார்த்தே நம்பத்தக்கவை. அரசரைப் பாட்டனாக்கிக்கொள்ளும் ஆசை ஆராய்ச்சிக்குப் பெரும் பகை.

பெண்களின் பெயர் அருகியே வரும் என்பதும் நினைவிலிருக்கவேண்டும். பட்டா ஆடவர் பெயரில் இருந்தது. ஆயினும் ஸ்ரீதனப் பத்திரத்திலும், விதவை எழுதிய கிரயத்திலும், விவாகப் பதிவிலும், கப்பற் பட்டியலிலும் பெண்களைத் தம் சொந்தப் பெயரோடு காணலாம். தாய்வழியைத் தேடாத வமிசாவளி பாதி மரமேயாம்.

சொந்த நிலமில்லாத பண்ணையாளர் பல்லாயிரவர் இவ்வேடுகளில் எங்குமே இல்லை. அவர்கள் உழுத நிலம் பிறர் பெயரிலே எழுதப்பட்டது. அவர்களுடைய மக்களுக்கு முதியோரின் வாய்மொழியே ஒரே பதிவேடு. அவ்வேடோ மனிதரோடு மறைந்துபோவது. கிராமக் கணக்கை வழிவழியாகக் காத்த கர்ணம் பதவியும் 1980-இல் நீக்கப்பட்டது. எந்த ஓடையருகே எவர் குடியிருந்தார் என்று சொல்லக்கூடிய பெரியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆதலின் நம் மாணவர் இவ்விடுமுறையில் ஒரு சிறு பணியை மேற்கொள்வார்களாக. வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த பெயர்களையும் ஊர்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. சொன்னவர் பெயரையும் எழுதிய தேதியையும் கீழே குறிக்க. பெட்டியிலுள்ள பத்திரங்களை உலர்ந்த இடத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்க. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும், திருச்சபைக்கும், எழும்பூருக்கும் செல்லலாம். ஏடு சில ஆண்டு காத்திருக்கும், பாட்டியார் காத்திருக்கமாட்டார்.